வெண்மை நாற்பது

திட்டுவிளை மில்லில் எனக்கு வேலை
அரிசியை வெளுப்பது.
உமி போன பிறகு பழுப்பாய் வரும், கொஞ்சம் சிவந்தும்,
நுனியில் ஒரு பொட்டு முளையோடு.
அதற்கப்புறம் என் மூன்று கூம்புகள்.

முதல் கூம்பில் நிறம் மங்கும்.
இரண்டாவதில் முளை உடையும்.
மூன்றாவதில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால்
கையில் நிற்காமல் வழுக்கும்.
ஒரு கை அள்ளி மீட்டரில் வைப்பேன்.
நாற்பது காட்டினால் சாக்கைத் தைக்கலாம்.
முப்பத்தாறு என்றால் கோட்டார் கடைக்காரர் போனில் வருவார்:
"என்ன ஓய் ராஜையன், அரிசிக்கு மஞ்சக்காமாலையா?"

தவிடு வேறு குழாயில் போகிறது,
பாதி எண்ணெய்க் கம்பெனிக்கு, மீதி மாட்டுக்கு.
பறக்கிறது எல்லாம் எனக்கு.
புருவத்தில், காதுக்குள், பனியன் தையலில்
பதினேழு வருஷம் அதைச் சுமந்து வீட்டுக்கு வந்து
சோப்பு போட்டுக் கழுவிவிட்டு
வெள்ளைச் சோறு தின்ன உட்கார்ந்தேன்.

செருப்பு வார் உரசிய புண்
ஓணத்துக்கு வந்தது,
கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டும்போதும் இருந்தது.
ஆசாரிபள்ளத்தில் கட்டைவிரலை எடுத்த பிறகு
டாக்டர் ஷெரின் கேட்டார்: என்ன சாப்பிடுவீங்க?
காலையில் பழஞ்சி. மத்தியானம் சோறு, மீன்கறி.
ராத்திரி சோறு, இல்லையென்றால் மரச்சீனி.
"தவிட்டோட உள்ள அரிசி கிடைக்குமா உங்க பக்கம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்ன வேலை என்று சொன்னேன்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

உப்பையும் சாராயத்தையும் குறை சொல்லத் தெரியும் நமக்கு.
டாக்டர் சொன்னது வேறு:
தின்றது மட்டுமல்ல, தின்னாமல் விட்டதும் கொல்லுமாம்.
முழுத் தானியம் தட்டில் இல்லாத குறைக்கு
இதயம் அடைத்து, சர்க்கரை ஏறி,
தேசம் தேசமாய் ஆட்கள் சாகிறார்களாம், லட்சக்கணக்கில்.
வார்டில் படுத்து அதையே யோசித்தேன்.
கள்ளன் வந்த வீட்டில் கால்தடம் இருக்கும்.
வராத ஆளை எந்தக் கதவில் தேடுவது?

வடசேரியில் ஒரு ஆர்கானிக் கடை.
கண்ணாடிப் புட்டியில் பழுப்பு அரிசி, கிலோ நூற்றிருபத்தெட்டு.
விரலால் தள்ளிப் பார்த்தேன்.
நம்ம சரக்குதான்,
மூன்று வேலை குறைவாய்ச் செய்தது.
வேலை செய்யாததற்கு இரட்டைக் கூலி!

முதலாளி பகவதிப்பெருமாளிடம் காசு கட்டி
ஒரு ராத்திரி மூன்று கூம்பையும் நிறுத்தினேன்,
எனக்கென்று ஒரு மூட்டை.
"சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் கேட்டியா, வண்டும் விழும்" என்றார்.
விழட்டும்.
சத்து எந்தப் பக்கம் என்று பார்க்க
வண்டுக்கு லேப் ரிப்போர்ட் வேண்டாம்.

எஸ்தர் பாய் விசில் எண்ணினாள்.
ஏழு. எட்டு. "கேஸுக்கு உங்க முதலாளியா தருவாரு?"
சின்னவன் ஜெனிஷ் ஒரு வாய் மென்று,
இன்னொரு பக்கம் மாற்றி மென்று,
"அப்பா, இது எப்போ முடியும்?" என்றான்.
எனக்கும் தாடை வலித்தது. சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து அவள் பாதிக்குப் பாதி கலக்கிறாள்,
குழம்பை மேலே ஊற்றி மறைத்து.

இருநூற்றி நாற்பது இப்போது நூற்றித் தொண்ணூறு.
மாத்திரையாலா சோற்றாலா, டாக்டரும் அறுதியாய்ச் சொல்லவில்லை.
விரல் ஒன்றும் முளைக்கவில்லை.

இன்று ஐந்து லோடு, எல்லாம் வெள்ளை.
கோட்டார், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல்.
நாலு விரலால் ஊன்றிப் போய்
மூன்றாம் கூம்பின் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன்.
மீட்டரில் முப்பத்தெட்டரை.
சாக்கைத் தைக்கச் சொல்லிவிட்டு
போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்,
சத்தத்தை முழுக்கக் கூட்டி.